வெளியே விலகும் கருவிழி: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

"மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம்" என்று நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். குழந்தையின் கருவிழி கொஞ்சம் ஒதுங்கினாற்போல் தெரிந்தால், வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அதே குழந்தை பள்ளிக்கூடம் போய், மற்ற பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரைத் தேடி ஓடுவோம். அதற்குள் சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணில் பார்வையே மங்கிப் போயிருக்கும்.

மாறுகண்ணில் பல வகை உண்டு. கருவிழி மூக்கை நோக்கி உள்ளே திரும்புவது ஒன்று. காதை நோக்கி வெளியே விலகுவது இன்னொன்று. மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ ஒதுங்குவதும் உண்டு. நான் இங்கே எழுதப்போவது வெளியே விலகும் வகையைப் பற்றி மட்டும்தான். என் மகளுக்கு இருப்பது அதுதான். நான்கு வயதில் தெரிய வந்தது. இப்போது அவளுக்கு ஆறரை வயது. இந்த இரண்டரை வருஷத்தில் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும், வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை மற்றத் தாய்மார்களுக்கும் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

எப்படித் தெரிய வந்தது?

நாங்கள் இருப்பது சேலையூரில். கேம்ப் ரோடில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், வெயில் பட்டதும் என் மகள் இடது கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். "ஏம்மா, உன் பொண்ணு யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறா?" என்று மாமியார் கேலி செய்வார். பிறகு உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த போட்டோக்கள் வந்தன. ராத்திரி ரிசப்ஷனில், தூக்கக் கலக்கத்தில் எடுத்த இரண்டு படங்களில் அவளுடைய இடது கருவிழி நன்றாக வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது. மற்றப் படங்களில் கண்கள் நேராகவே இருந்தன.

இதுதான் இந்த வகையின் அடையாளம். எப்போதும் விலகியிருக்காது. விட்டு விட்டு வரும். குழந்தை களைத்திருக்கும்போது, காய்ச்சல் சமயத்தில், தூங்கி எழுந்தவுடன், எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் பார்க்கும்போது விலகும். "கண்ணு, இங்கே பாரு" என்று கூப்பிட்டால் சட்டென்று நேராகிவிடும். டாக்டர்கள் சீட்டில் 'இன்டர்மிட்டென்ட் எக்ஸோட்ரோபியா' என்று எழுதுவது இதைத்தான். ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. வெள்ளைக்காரக் குழந்தைகளிடம் உள்ளே திரும்பும் வகை அதிகம். சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற ஆசிய ஊர்களில் வெளியே விலகும் வகைதான் அதிகம் என்று அங்கே நடந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

ஏன் விலகுகிறது?

ஒவ்வொரு கண்ணையும் அசைப்பதற்கு ஆறு தசைகள் இருக்கின்றன. இரண்டு கண்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டும் ஒன்றாக இழுத்துப் பிடித்தால்தான் இரண்டு கருவிழிகளும் ஒரே பொருளைப் பார்க்கும். நம் மண்டையோட்டில் கண் குழிகளே சற்று வெளிப்பக்கம் பார்த்தாற்போல்தான் அமைந்திருக்கின்றன. அவற்றை நேராக வைத்து, இரண்டு படங்களையும் ஒரே படமாகச் சேர்ப்பது மூளையின் வேலை. சில குழந்தைகளுக்கு இந்தப் பிடி அவ்வப்போது தளர்ந்துவிடுகிறது. மூளை களைத்த நேரத்தில் கண் விலகுவது அதனால்தான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் குழந்தைக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

"கண் விலகினால் இரண்டு இரண்டாகத் தெரியாதா? குழந்தை ஏன் சொல்வதில்லை?" என்று நானும் கேட்டேன். பெரியவர்களுக்குத் திடீரென்று கண் விலகினால் ஒன்று இரண்டாகத் தெரியும். குழந்தையின் மூளை சாமர்த்தியமானது. விலகிய கண்ணிலிருந்து வரும் படத்தை அந்த நேரத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. ஆகவே குழந்தைக்குத் தொந்தரவே தெரியாது. நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் ஆபத்து என்ன? விலகும் நேரம் அதிகமாகிக்கொண்டே போனால், இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகும். ஆழமும் தூரமும் கணக்கிடும் பார்வை அதனால் குறையும். ஊசியில் நூல் கோர்ப்பது, பந்து பிடிப்பது, டம்ளரில் சிந்தாமல் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் அந்தப் பார்வை உதவுகிறது. ஒரே கண் எப்போதும் விலகியே நின்றுவிட்டால், அந்தக் கண் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடலாம். விட்டு விட்டு வரும் வகையில் சோம்பேறிக் கண் ஏற்படுவது அவ்வளவு சாதாரணமல்ல. இருந்தாலும் இருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் என்ன கவனிக்கலாம்?

பிறந்து முதல் மூன்று நான்கு மாதங்களுக்குக் குழந்தையின் கண்கள் அவ்வப்போது அங்குமிங்கும் அலைவது சகஜம். அதற்குப் பிறகும் விலகினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்த மாதத்திலானாலும் ஒரு கண் எப்போதுமே விலகியபடி இருந்தால், மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

டாக்டரிடம் போகும் நாளில் குழந்தை உஷாராக உட்கார்ந்துகொண்டு கண்களை நேராக வைத்துக்கொள்ளும். நாம் சொல்வதை நிரூபிக்க முடியாமல் விழிப்போம். இதற்கு ஒரு நல்ல யோசனை: விலகும் நேரத்தில் செல்போனில் சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவும் உதவும். கருவிழிகளில் தெரியும் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்களிலும் ஒரே இடத்தில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றில் நடுவிலும் மற்றதில் மூக்குப் பக்கமாகத் தள்ளியும் இருந்தால், தள்ளியிருக்கும் கண் வெளியே விலகியிருக்கிறது என்று அர்த்தம்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பால் கணக்கு எழுதுவது போலத்தான். இன்று எத்தனை தடவை விலகியது, எந்த நேரத்தில், தானாகத் திரும்பியதா, கண்ணைச் சிமிட்டிய பிறகு திரும்பியதா என்று வாரத்தில் இரண்டு நாள் குறித்து வைத்தாலே போதும். டாக்டர்கள் பிடி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதுண்டு. 0 என்றால் விலகுவதே இல்லை. 5 என்றால் எப்போதும் விலகியே இருக்கிறது. ஆனால் ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருக்கும் சமாசாரம் இது. ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷம் பார்ப்பதோடு நம் நோட்டுக் குறிப்பும் சேர்ந்தால்தான் நிலைமை சரியாகப் புரியும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. கண்மணியின் நடுவில் பூனைக் கண் மாதிரி வெள்ளையாகப் பளிச்சிட்டால், அது விழித்திரையில் வரும் புற்றுநோயாகக்கூட இருக்கலாம். திடீரென்று கண் விலகி, இமையும் தொங்கிப்போனால், அல்லது தலைவலி, வாந்தி, இரண்டு இரண்டாகத் தெரிவது ஆகியவை சேர்ந்து வந்தால், நரம்பு சம்பந்தமான கோளாறாக இருக்கலாம். தலையில் அடிபட்ட பிறகு விலகினாலும் அப்படியே. இவற்றுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் இப்போது கண் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் குழந்தைகளின் மாறுகண்ணுக்கென்றே பயிற்சி பெற்ற டாக்டர் எல்லா இடத்திலும் எல்லா நாளும் இருப்பதில்லை. போன் செய்து, "குழந்தைகள் மாறுகண் டாக்டர் என்றைக்கு வருவார்?" என்று கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

செலவு முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் அரசுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. லண்டனில் 1805-ல் தொடங்கிய மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழமையானது என்ற பெருமை அதற்கு உண்டு. இந்தப் பக்கம் செங்கற்பட்டு போனால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு இப்போது பூந்தமல்லிப் பக்கத்திலும் கிளை இருக்கிறது.

முதல் தடவை போகும்போது அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மறைத்து, எடுத்து, மறு கண்ணை மறைத்துப் பார்ப்பார்கள். பட்டைக் கண்ணாடிகளை வைத்து எவ்வளவு விலகல் என்று அளப்பார்கள். ஒரு தினுசான கண்ணாடியை மாட்டிவிட்டு ஈயின் படத்தைக் காட்டி, "இறக்கையைப் பிடி பார்க்கலாம்" என்பார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் குழந்தைக்கு இறக்கை மேலே தூக்கினாற்போல் தெரியும். அந்தரத்தில் கை நீட்டிப் பிடிக்கப் பார்க்கும். என் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லது! ஈ இவளுக்கு நிஜமாத் தெரியுது" என்று டாக்டரம்மா சிரித்தார். கடைசியாகச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு பவர் பார்ப்பார்கள். அன்று முழுக்க வெளிச்சம் கூசும். ஒரு தொப்பியோ குடையோ கொண்டு போங்கள்.

ஆபரேஷன் இல்லாத சிகிச்சைகள்

பரிசோதனை முடிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், ஆபரேஷன் இல்லாமல் சரி பண்ண முடியாதா?" என்பதுதான். பெண் குழந்தையாயிற்றே, கண்ணில் கத்தி வைப்பதா என்ற பயம் எந்தத் தாய்க்கும் இருக்கும். "இப்போ அவசரமே இல்லைங்க. ஆனா எதுவும் பண்ணாம விட்டுடவும் வேண்டாம்" என்றார் அவர். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதலாவது, கவனித்துக்கொண்டே இருப்பது. இது சும்மா இருப்பது அல்ல. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போய் அளந்து பார்ப்பது. அமெரிக்காவில் இந்த வகை மாறுகண் உள்ள 183 குழந்தைகளைச் சிகிச்சை ஏதுமின்றி மூன்று வருஷம் கவனித்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத்தான் நிலைமை மோசமானது என்று 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். இதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது, கண்ணாடி. கிட்டப்பார்வையோ, சிலிண்டர் பவரோ, இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமோ இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். படம் தெளிவாக விழுந்தால் மூளை இரண்டையும் சேர்ப்பது சுலபம். சில குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்டதுமே விலகல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. என் மகளுக்கு லேசான கிட்டப்பார்வை இருந்ததால் கண்ணாடி கொடுத்தார்கள்.

மூன்றாவது, தேவைக்கு மேல் மைனஸ் பவர் கொடுப்பது. மைனஸ் கண்ணாடி போட்டால் தெளிவாகப் பார்க்கக் கண் உள்ளே குவிய வேண்டியிருக்கும். அந்த முயற்சியில் கருவிழியும் உள்ளே வரும். நல்ல தந்திரம்தான். இதை 386 குழந்தைகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கண்ணாடி போட்டிருந்த வரையில் பிடி நன்றாக இருந்தது. அந்தப் பவரைக் குறைத்து நிறுத்திய பின், போடாத குழந்தைகளுக்கும் போட்ட குழந்தைகளுக்கும் வித்தியாசமில்லாமல் போயிற்று. போட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குக் கிட்டப்பார்வை ஒரு பவருக்கு மேல் ஏறியிருந்தது. போடாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அப்படி. ஆகவே இது கொஞ்ச காலம் தள்ளிப்போட உதவும் வழி; எல்லோருக்கும் ஏற்றதல்ல. உங்கள் குழந்தைக்கு எழுதிக் கொடுத்தால் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, பேட்ச் என்கிற கண் ஒட்டு. ஒரு கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வைப்பது. விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கும் பழக்கத்தை மூளை விட வேண்டும் என்பதற்காக. மூன்று முதல் பத்து வயது வரையிலான 358 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள், 2014-ல் வெளியானது. தினம் மூன்று மணி நேரம் ஒட்டியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே ஆறு மாதத்தில் மோசமானது. ஒட்டாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மோசமானது. பேட்ச் உதவுகிறது என்று தெரிகிறது. ஒட்டாத குழந்தைகளிலும் பெரும்பாலோர் அப்படியே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோம்பேறிக் கண்ணும் கூடவே இருந்தால் பேட்ச் கட்டாயம். அதற்குக் கணக்கு வேறு.

ஐந்தாவது, கண் பயிற்சிகள். பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டே மூக்கருகில் கொண்டுவருவது, ஒரு நூலில் மூன்று வண்ண மணிகளைக் கோர்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது, கம்ப்யூட்டரில் விளையாட்டு மாதிரி செய்வது என்று பல உண்டு. கிட்டத்தில் பார்க்கும்போது மட்டும் கண்கள் குவிய மறுக்கும் ஒரு கோளாறு இருக்கிறது. அதற்குப் பயிற்சி நன்றாக உதவுகிறது. ஒன்பது முதல் பதினேழு வயது வரையிலான 221 பேரிடம் சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவில், பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் செய்தவர்களில் நூற்றுக்கு 73 பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 பேர். வெறும் ஒப்புக்குப் பயிற்சி செய்தவர்களிலேயே 35 பேர். ஆனால் தூரத்தில் பார்க்கும்போது விலகும் சின்னக் குழந்தைக்கு அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நான்கு வயதுக் குழந்தை சொன்னபடி பயிற்சி செய்வதும் கஷ்டம்.

ஆறாவது, பிரிஸம் கண்ணாடி. படத்தையே சற்று நகர்த்திக் கண்ணுக்கு வேலையைக் குறைப்பது. சின்ன விலகலுக்குச் சில டாக்டர்கள் கொடுப்பதுண்டு. தசையில் ஊசி போடும் முறையும் இருக்கிறது. இன்று முகச் சுருக்கத்துக்குப் போடும் 'போடாக்ஸ்' மருந்தை அமெரிக்காவில் டாக்டர் ஆலன் ஸ்காட் முதலில் உருவாக்கியதே மாறுகண்ணுக்காகத்தான். 1989-ல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் குழந்தைக்குக் கண் தசையில் ஊசி போட அநேகமாக மயக்க மருந்து வேண்டியிருக்கும். ஆகவே இதை வீட்டு வைத்தியம் மாதிரி சுலபமாக நினைக்கக் கூடாது.

விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

எங்கள் பகுதியில் ஒரு சிகிச்சை நிலையம், பெயர் வேண்டாம். "ஆபரேஷனே தேவையில்லை, முப்பது சிட்டிங்கில் கேரண்டி" என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். என் கணவரும் நானும் போனோம். குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கவில்லை. ஈ படமும் காட்டவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு பேக்கேஜ் தொகையைச் சொல்லி, இன்றே முழுவதும் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். "ஒரு மாசம் கட்டிப் பார்க்கிறோம், கண்ணை அளந்து வித்தியாசம் தெரிஞ்சா மேலே கட்டறோம்" என்று கணவர் கேட்டார். அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. நாங்களும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். என் குழந்தைக்கு எந்த வகை மாறுகண்? தூரத்தில் எவ்வளவு, கிட்டத்தில் எவ்வளவு விலகல்? எத்தனை வாரத்தில் மறுபடி அளப்பீர்கள்? அதற்குள் முன்னேற்றம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம்.

பேட்ச் போடுவது எப்படி?

சொல்வது சுலபம்; நான்கு வயதுக் குழந்தையின் கண்ணை மூன்று மணி நேரம் மூடி வைப்பது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் பலித்தவற்றைச் சொல்கிறேன்.

எந்தக் கண், எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபடிதான் செய்ய வேண்டும். அதிகம் ஒட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து நாள் முழுக்க ஒட்டக் கூடாது; மறைத்த நல்ல கண்ணின் பார்வை கெட்டுவிடலாம். ஒட்ட ஆரம்பித்த பிறகு விலகல் அதிகமானது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் மற்றக் குழந்தைகள் கேலி செய்வார்கள் என்று நாங்கள் சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரை வைத்துக்கொண்டோம். வீட்டுப்பாடம், வண்ணம் தீட்டுவது, பூ கட்டக் கற்றுக்கொள்வது, மாமியாரோடு பல்லாங்குழி என்று கையும் கண்ணும் வேலை செய்யும்போது ஒட்டு இருப்பதே மறந்துபோகும். அவளுடைய பொம்மைக்கும் ஒரு ஒட்டு ஒட்டினோம். காலண்டரில் தினம் ஒரு நட்சத்திரம். ஏழு நட்சத்திரம் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்ட டிபன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒட்டுக்கு அடியில் வியர்த்து, தோல் சிவந்துபோகும். முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு ஒட்டுங்கள். எடுக்கும்போது வெந்நீரில் நனைத்த துணியை வைத்து மெதுவாக எடுங்கள். தோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ணாடியின் மேல் மாட்டும் துணி ஒட்டு கிடைக்கிறது. ஓரத்தில் எட்டிப் பார்க்காமல் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒட்டோடு சைக்கிள் ஓட்டுவது, மொட்டை மாடிக்குப் போவது, தெருவைக் கடப்பது கூடாது. தூரக் கணக்குத் தவறும்.

செய்யக் கூடாதவை

விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கருவிழி நேராகாது, கிருமி தொற்றிக் கண்ணே கெட்டுவிடலாம். கேரட்டும் பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் உடம்புக்கு மிகவும் நல்லவை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவை தசையின் பிடியைச் சரிசெய்யாது. தொட்டிலில் பொம்மை கட்டியதால் மாறுகண் வந்தது என்று மருமகளைத் திட்டுவதும் வேண்டாம், அதனால் வருவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், "கண்ணை ஒழுங்கா வை" என்று குழந்தையை அதட்டாதீர்கள். அது வேண்டுமென்று செய்வதில்லை. விலகும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏதாவது காட்டினால் போதும்.

ஆபரேஷன் எப்போது?

நாளில் பாதி நேரத்துக்கு மேல் கண் விலகியே இருந்தாலோ, ஈ படச் சோதனையில் மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தாலோ, குழந்தைக்கே வெட்கமும் வேதனையும் ஏற்பட்டாலோ டாக்டர் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார். கண்ணைத் திறந்து உள்ளே எதுவும் செய்வதில்லை. வெளிப்பக்கத் தசைகளைத் தளர்த்தித் தைப்பார்கள். அல்லது ஒரே கண்ணில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்குவார்கள். அதிலும் முழு உத்தரவாதம் கிடையாது. 197 குழந்தைகளிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் ஒரு முறையில் நூற்றுக்கு 46 பேருக்கும், மற்றதில் 37 பேருக்கும் பலன் எதிர்பார்த்தபடி அமையவில்லை. இதனால்தான் நல்ல டாக்டர்கள் அவசரப்படுத்துவதில்லை. அதே சமயம், தேவைப்படும்போது பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதும் சரியில்லை.

என் மகளுக்கு ஐந்து மாதம் பேட்ச் போட்டோம். கண்ணாடி இன்றும் போடுகிறாள். முன்பு தினம் பத்துத் தடவையாவது விலகிய கண், இப்போது வாரத்தில் மூன்று நான்கு தடவை, அதுவும் தூக்கம் வரும் நேரத்தில்தான் விலகுகிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். "இதே மாதிரி இருந்தா ஆபரேஷன் வேண்டாம். மாறினா அப்போ பேசிக்கலாம்" என்கிறார் டாக்டரம்மா. நோட்டில் குறிப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தையும் வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டால், இன்று இரவு தூக்கம் வரும் நேரத்தில் அதன் கண்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். விலகுவது போலத் தெரிந்தால் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, இந்த வாரத்திலேயே ஒரு நாள் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.